நாளைக்கு வரும்

ஊரில் அவருக்கு நாளைக்காரர் என்று பெயர். கடையில் எது தீர்ந்து போயிருந்தாலும் 'இல்லை' என்று சொல்லவே மாட்டார் மனுஷன். "நாளைக்கு வரும்" என்பார். வருமா என்றால், அது வேறு கதை! சட்டம் போட்டது அவர் மனைவி. "இல்லன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிருவாங்க. அந்த வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது." வரவில்லை.

போன மழைக்காலத்தில் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாள். அவர் அழவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். மகள் அவரை இப்படியே விடப் பயந்தாள். மூடிக் கிடந்த கடையை அழகான வீடாக மாற்றி அதில் அப்பாவைக் குடிவைக்கலாம் என்று ஆட்களோடு வந்து இறங்கினாள்.

இரும்புக் கதவு போய்க் கண்ணாடிக் கதவு வந்தது. சாமான் அடுக்கிய பலகைகளை இழைத்து மெருகேற்றிப் பூந்தொட்டி வைத்தாள். எதைக் கேட்டாலும் அப்பா "சரிம்மா" என்றார். சுவருக்கு வெள்ளையா? சரிம்மா. பச்சையா? சரிம்மா. அட, கூரையையே பிரிக்கட்டுமா என்றாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

மிச்சம் இருந்தது கடை மேஜை. அம்மா உட்கார்ந்து வியாபாரம் பார்த்த இடம். அவள் முழங்கை பட்டுப் பட்டு ஒரு ஓரம் வழவழவென்று ஆகியிருந்தது.

"அதை அறுத்து ரெண்டு ஸ்டூல் பண்ணலாம்னு ஆசாரி சொல்றாரு. மனசுக்குப் பிடிக்கலன்னா சொல்லிருங்கப்பா. அறுத்துட்டா அவ்வளவுதான்."

"சரிம்மா."

எதுக்குச் சரி? மகளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஆசாரி ரம்பத்தை எடுத்தார்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பழைய வாடிக்கைக்காரி, சேதி தெரியாதவள். கண்ணாடிக் கதவைப் பார்த்து மலைத்துப் போனாள்.

"என்னண்ணே, கடையே மாறிப் போச்சு! அக்கா இல்லையா?"

"நாளைக்கு வரும்" என்றார் அவர்.

"அப்ப நாளைக்கே வர்றேண்ணே" என்று அவள் திரும்பிப் போனாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா வாசலுக்கு வந்து அவள் போன பக்கம் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

"இந்தாம்மா! நில்லு! நாளைக்கு வராதே. அவ இல்ல. உங்க அக்கா இல்லம்மா."

திரும்பி வந்தவர் ஆசாரியிடம், "மேஜை வேண்டாம், அறுக்காதீங்க" என்றார். அந்த வழவழத்த ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"உங்கம்மா திட்டப் போறா. வந்தவகிட்ட இல்லன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.