தார்ப்பாயின் மறுமுனை

மழை வேண்டாம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கல்யாணப் பந்தல் ஒழுகினால்கூட, "நனையட்டும், பொண்ணு ராசிக்காரி" என்றுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஐப்பசி மாதம் மழை வரக் கூடாது என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டை ஒட்டி, டவுன் முடிந்து மானாவாரிக் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன்; அப்போது கல்யாணமாகி, வாடகைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து வீட்டுக்கு வேன் வந்துபோகும் பாதை முழுக்கக் கரிசல். வெயிலில் கல் மாதிரி கிடக்கும். ஒரு நல்ல மழைக்குப் பாதிச் சக்கரம் புதைந்துவிடும்.

ஏற்கெனவே ஒரு தடவை கான்கிரீட் போட்டிருந்தோம். யோசனை இல்லாமல் கரிசல் மேலேயே போட்டது. கோடையில் மண் வெடித்தது, மழையில் ஊதியது. தளம் துண்டு துண்டாக உடைந்து, ஒன்று ஏறி ஒன்று இறங்கி, நொறுங்கிய அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. முந்தின வருஷம் அந்தத் துண்டுகளுக்கு நடுவில் வேன் மாட்டிக்கொண்டபோது பக்கத்து வீட்டு அக்காவும் வந்து தள்ளினார். சக்கரம் சுற்றிச் சேறு முழுக்க அவர் சேலையில் அடித்தது. நான் இறங்கித் தோளில் கிடந்த துண்டை நீட்டினேன்.

"காட்டுக்காரிக்குச் சேறு புதுசா தம்பி? போ, வண்டிய ஓட்டு" என்றார்.

கணவர் தவறிப்போன பிறகு தனியாக இருந்தவர் அந்த அக்கா. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அந்த வருஷமும் புரட்டாசிக் கடைசியில் பருத்தி விதையைச் சாணியில் புரட்டிப் புழுதியில் விதைத்துவிட்டு, மழைக்குக் காத்துக்கொண்டிருந்தார். நாளானால் விதையை எறும்பு இழுத்துவிடும், இல்லையென்றால் சூட்டில் வெந்துவிடும். மறுபடி விதைக்க அவரிடம் விதை இல்லை. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

கொத்தனார், "ஐப்பசியில யாராவது காங்கிரீட் போடுவாகளா? தையில பாப்போம்ணே" என்றார். நான்தான் கேட்கவில்லை. இன்னொரு மழைக்காலம் வேனை ரோட்டிலேயே நிறுத்த எனக்கு மனசில்லை. பழைய தளத்தைப் பெயர்த்து, முழங்கால் ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்து, கிராவல் மண் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். ஜல்லி லாரி வரத் தாமதமானது. கடைசியில் கான்கிரீட் போட்டது, எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்க இருந்த நாளில்.

எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். முறையைத் தள்ளிப்போடுகிற வழக்கமில்லை. அந்த வாரம் மழைக்கான ஜெபம் என்று உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே அறிவித்துவிட்டார். சாயங்காலம் எல்லோரும் ஈரத் தளத்தின் ஓரமாகப் போட்டிருந்த பலகை மேல் நடந்து வந்தார்கள். கோயிலுக்குப் போகிற அக்காவும் அன்றைக்கு வந்தார்.

"எந்தச் சாமி குடுத்தா என்ன, மழை மழைதான?" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தார்.

ஒவ்வொருவராக மழைக்காக ஜெபித்தார்கள். முடிவு ஜெபம், கூட்டம் நடக்கிற வீட்டுக்காரர் செய்ய வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் நான். கண்ணை மூடுவதற்கு முன் கதவு வழியாகப் பார்த்தேன். கிழக்கே மின்னியது.

"ஆண்டவரே, எங்கள் நிலங்களுக்கு மழையைத் தாரும்" என்று தொடங்கினேன். பிறகு என்னை அறியாமல், "உமக்குச் சித்தமான நேரத்தில் தாரும்" என்று சேர்த்துவிட்டேன்.

அதுவரை ஜெபித்த யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

கதவோரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சித்தமான நேரமா தம்பி, காங்கிரீட் காஞ்ச நேரமா?"

கூட்டம் சிரித்துவிட்டது. உபதேசியார் இருமினார். "ஏங்க, ஆமென் சொல்லி முடிங்க" என்றாள் என் மனைவி.

ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, தகரக் கூரையில் சடசடவென்று துளி விழுந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். கையை விரித்து, முகத்தை மேலே தூக்கி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள். நான் வேனுக்கு ஓடித் தார்ப்பாயை இழுத்து வந்தேன். காற்று தூக்கியது. ஒற்றை ஆளாக விரிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? எந்த வாயால் கூப்பிடுவது?

மறுமுனையை யாரோ பிடித்து இழுத்தார்கள். நிமிர்ந்தேன். அக்கா.

"இழுத்துப் பிடி தம்பி, பறக்குது. அந்தக் கல்லத் தூக்கி வை."

அவர் முகத்தில் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. துடைக்கவில்லை. இரண்டு கையாலும் தார்ப்பாயைப் பிடித்திருந்தார். நாலு ஓரமும் கல் வைத்து முடிப்பதற்குள் தூறல் நின்றுவிட்டது. மேகம் தெற்கே நகர்ந்தது. மண் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

"போயிருச்சு" என்றார் அக்கா. பிறகு தார்ப்பாயை ஒரு தட்டுத் தட்டி, "ஒன் தளம் தப்பிச்சிருச்சு, போ."

மறுநாள் கொத்தனார் தளத்தின் மேல் மண்ணால் வரப்புக் கட்டி, தண்ணீர் வற்றாமல் நிறுத்தச் சொன்னார். குழாய்த் தண்ணீருக்கே நாங்கள் காத்துக் கிடந்த காலம். அதைச் சுமந்து வந்து தரையில் ஊற்றினேன். அக்காவும் ஒரு குடம் கொண்டுவந்து சாய்த்தார். "வேண்டாங்கா" என்றேன்.

"காட்டுக்கா இதச் சொமந்துட்டுப் போக முடியும்? இங்கனயாவது ஈரம் நிக்கட்டும்."

கார்த்திகை பாதியில்தான் மழை வந்தது. வேன் ஒரு இடத்திலும் புதையாமல் வாசல்வரை போய் நின்றது. அன்றைக்கு அக்கா காட்டுக்குப் போய் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "விதை எங்க இருக்கு, எறும்பு தின்ன தோடுதான் கெடக்கு" என்று என் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் உள்ளேயே இருந்துகொண்டேன்.

என் ஒரு வார்த்தைக்காக வானம் திரும்பிப் போயிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதும் தெரியுமே.

தை பிறந்ததும் அக்கா அதே கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்தார். நிலம் தரிசாகக் கிடந்தது. அடுத்த ஐப்பசியில் காரியாபட்டியில், என்னைப் போலவே தை வரை பொறுக்காத ஒருவர் வீட்டுக்குத் தளம் போடுகிற வேலை. ஆட்களை என் வேனில்தான் ஏற்றிப் போனேன். வழியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"மேகம் கட்டுதுக்கா" என்றேன். ஒரு வருஷமாக அவரிடம் நானாகப் பேசிய பேச்சே அதுதான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"நீ வேற. மழை வந்தா கொத்தனாரு வேலைய நிப்பாட்டிருவாரு, கூலி போச்சு. இப்ப நானும் ஒன் கட்சிதான் தம்பி."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அக்கா சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தூறல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விழவில்லை.

"நல்லவேளை" என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.