ஒண்ணும் ஒண்ணும் மூணு

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஞானசேகரன் பல வருஷமாகத் தற்காலிக ஆசிரியர். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். இறங்கும்போது சட்டை கசங்கியிருக்கும், கர்வம் கசங்காது. டிஜிட்டல் பாடத்தைத் தமிழில் நடத்த, கடலூர் மாவட்டத்திலேயே தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். ஆள் கிடைக்காததால்தான் வைத்திருக்கிறோம் என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

அந்தத் தமிழே அவரைக் கவிழ்த்தது. டிஜிட்டல் சுற்றில் வருகிற ஆர் (OR) கேட் என்றால் 'அல்லது', அல்லது என்றால் இரண்டில் ஒன்றுதான் என்று நடத்தினார். மாமியார் "காபியா, டீயா" என்றால் எந்த மாப்பிள்ளை இரண்டையும் கேட்பான்?

அன்று ஆய்வுக் குழு வந்தது. அவர்கள் தலையாட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு வீடு. ஞானசேகரன் இரண்டு சுவிட்சும் இரண்டு பல்பும் வைத்து ஒரு கூட்டல் கருவி செய்திருந்தார். வலது பல்புக்கு மதிப்பு ஒன்று, இடதுக்கு இரண்டு. ஒரு சுவிட்சைப் போட்டார், வலது எரிந்தது. குழுவில் இருந்த அம்மா இரண்டையும் போடச் சொன்னார். இடது மட்டும் எரிந்து இரண்டு காட்ட வேண்டும். இரண்டுமே எரிந்தன. ஒன்றும் ஒன்றும் மூன்று.

இரண்டும் சேர்ந்து வந்தால் அணைகிற எக்ஸார் சில்லு வைக்க வேண்டிய இடத்தில், இரண்டும் வந்தாலும் எரிகிற ஆர் சில்லை மாட்டியிருந்தார் மகான். முன்பே சோதிக்கவில்லையா? சோதித்தார், ஒவ்வொரு சுவிட்சாக. இரண்டையும் சேர்த்துப் போட அவருக்குத் தோன்றவில்லை. அல்லது ஆயிற்றே.

கைக்குட்டையைத் தேடினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவர் 'அல்லது' சொல்வதைப் போலவே நடித்துக் கேலி செய்கிற மாணவி சத்யப்பிரியா எழுந்தாள்.

"மேடம், சார் வேணும்னுதான் தப்பா மாட்டிருக்காரு. எங்களக் கண்டுபுடிக்கச் சொன்னாரு. மெஸ்ல சோறு போடுற கொளஞ்சியம்மாக்கா முட்ட இல்லாட்டி அப்பளம்னு சொல்லுவாங்க. ரெண்டயும் எடுத்தா கரண்டியாலயே ஒரு போடு போடுவாங்க. அது எக்ஸார். ஆர் கேட்டு ரெண்டயும் எடுத்தாலும் கண்டுக்காது."

குழு சிரித்தது. அந்த அம்மா, நல்ல முறை என்று சாரைப் பாராட்டினார். அவர் வெட்கமில்லாமல் தலையாட்டினார்.

நிரந்தர ஆணை வந்துவிட்டது. வேண்டுமென்றே தப்பாக மாட்டுவது தன் பாணி என்று இப்போது வகுப்புக்கு வகுப்பு அளக்கிறார். மாட்டவும் செய்கிறார், வேண்டுமென்று இல்லை. பிள்ளைகள் வைத்த பெயர் 'மூணு சார்'.

மெஸ்ஸில் மட்டும் சத்யப்பிரியா தட்டில் அப்பளமும் இருக்கும், முட்டையும் இருக்கும். முட்டை சார் தட்டிலிருந்து வந்தது. கேட்டால், முட்டை தனக்குப் பித்தம் என்பார்.