மிஷினுக்குப் போர்த்திய வேட்டி

எங்கள் வீட்டு வடகம் ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போகிற சாலையோரம் வீடு கட்டிக்கொண்டவர்கள் வடகத்தின் நிறத்தைப் பற்றிப் பேசக்கூடாது. லாரித் தூசி இல்லாத மீன்சுருட்டியில் பிறந்த என் அம்மாவுக்கு மட்டும் அது பிடிபடவே இல்லை. பெரியம்மா ஒருமுறை வந்திருந்தபோது வடகத்தைக் கடித்துப் பார்த்து, "ஏன்டி, இதுல மாவு எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மொட்டைமாடியில் எதைக் காயவைத்தாலும் அம்மா அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டியை விரித்துவிடுவாள். தெருவில் எல்லா மாடியிலும் இதே கதைதான். மிளகாயும் மல்லியும் வேட்டி போர்த்திக்கொண்டுதான் வெயில் காயும்.

அம்மா டி.வி.யை முந்தானையால் துடைப்பாள். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு லாரி போகும். மறுபடி துடைப்பாள். இந்தச் சண்டையில் ஜெயித்தது தூசிதான். அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. பெரம்பலூர் டாக்டர், "தூசி இல்லாத எடமா பாத்து இருங்க" என்றார், தூசி ஏதோ பக்கத்து வீட்டில் குடியிருப்பதைப்போல. மார்கழி விடியற்காலையில் அம்மா எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பாள். நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அவ்வளவு பயம், போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

அப்பா பயந்தால் மனு எழுதுவார். லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிட வேண்டும் என்று திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். அம்மாவின் மருந்துச் சீட்டையெல்லாம் நகல் எடுத்து இணைத்தார். கடைசியில் பதில் வந்தது. முதலில் அங்கே தூசி இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்களாம், மற்றதெல்லாம் பிறகாம்.

அளக்கிற மிஷின் எங்கள் மாடிக்கே வந்தது. நான் நாலாம் வகுப்பு. இடுப்பளவு உயரப் பெட்டி, மேலே ஓட்டுவீடு மாதிரி சரிந்த கூரை. மிஷின்காரர் உள்ளே ஒரு வெள்ளைத் தாளை வைத்து சுவிட்சைப் போட்டதும் கிரைண்டர் ஓடுகிற சத்தத்தோடு அது காற்றை இழுக்கத் தொடங்கியது. மறுநாள் காலை பத்து மணிவரை ஓடும், தாளில் படிகிற தூசியை வைத்துக் கணக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாள் கரித்துணி மாதிரி வெளியே வரப்போவதை இப்போதே கண்ணால் பார்த்துவிட்டவர்போல நடந்தார். ஆனால் மாடிப்படியில் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். "நான் ஏறுனா, நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேன்னு சொல்லிடுவானுங்க. பாப்பா, நீ பாத்துக்க. யாரும் மிஷினத் தொடக் கூடாது." காலாண்டுப் பரீட்சை லீவு என்பதால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. உத்தியோகம் ஏற்றுக்கொண்டேன்.

மிஷின்காரர் விளக்கியபோது அம்மா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நம் மாடியில் தூசி இருக்கிறதா என்று பார்க்க ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறது, அவள் புரிந்துகொண்டது அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் மிளகாய் அள்ள மேலே வந்தவள் மிஷினைப் பார்த்தாள். அதற்குள் அதன் கூரையில் விரலால் பெயர் எழுதலாம்போலத் தூசி படிந்திருந்தது. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நாளைக்கி வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? இந்த வூட்டுக்காரி கூட்டவே மாட்டாளோன்னு நெனைக்க மாட்டாங்க?"

நான் அப்பாவின் உத்தரவைச் சொன்னேன். "நான் எங்கடி தொடுறேன்?" என்றாள். மிளகாய்மேல் கிடந்த வேட்டியை எடுத்து நனைத்துப் பிழிந்து, விரல்கூடப் படாமல் மிஷினுக்குத் தலையோடு காலாகப் போர்த்தி, காற்றில் பறக்காதபடி துணிக் கிளிப் போட்டாள். பிறகு மாடியைக் கழுவினாள். பக்கத்து வீட்டு அத்தைக்கும் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் பொழுது சாய்கிறவரை வாசலிலிருந்து சாலைவரைக்கும் தண்ணீர் தெளித்தார்கள். நான்தான் குடம் தூக்கினேன். அப்பா பேச்சையும் அம்மா பேச்சையும் ஒரே நாளில் கேட்டு நடப்பது எங்கள் வீட்டில் லேசான காரியமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பொழுது சாய்ந்து வேலையிலிருந்து திரும்பிய அப்பா படியடியில் நின்று, "யாராச்சும் தொட்டாங்களா?" என்றார். "யாரும் தொடலப்பா" என்றேன். மேலே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நிம்மதியாகப் போனார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அப்பா மிஷின்காரரை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போனதும் அம்மா வேட்டியை எடுத்தாள். அது சாம்பல் நிறமாகியிருந்தது. வழக்கம்போல ஓர் உதறு உதறினாள். அந்த ஒரு உதறலில் இருமல் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, மருந்தை வாயில் அடித்துக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. அப்படியும் விடவில்லை. வேட்டியை வாளியில் முக்கினாள். தண்ணீர் கொத்தனார் கலவைபோல ஆயிற்று. மூன்று தண்ணீர் மாற்றி அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

மிஷின்காரர் தாளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எடை போட்டுத்தான் சொல்லணும். ஆனா பாத்தாலே தெரியுதே சார், காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்பா எட்டிப் பார்த்தார். பின்பக்கமும் காட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளைதான்.

மிஷின்காரர் போனதும் நாங்கள் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் கொடியில் காய்ந்த வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். அப்போதும் அவளுக்கு லேசாக மூச்சு வாங்கியது.

"என்னங்க சொன்னாரு? நம்ம வூடு சுத்தமா இருக்காமா?"

அப்பா வேட்டியிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தார். பிறகு, "ரொம்ப சுத்தமா இருக்குன்னாரு" என்றார்.

அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உடனே பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வடகம் பொரித்தாள்.

அடுத்த வாரமே அப்பா மறுபடியும் மனு எழுத உட்கார்ந்தார். "அதான் நம்ம பாஸாயிட்டோமே, திரும்ப எதுக்குப்பா வந்து அளக்கச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்கம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். அம்மா முதல் மார்க் வாங்கியது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.