ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையார்

மல்காஜ்கிரியில் எங்கள் அபார்ட்மெண்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவே நகராட்சிக்குச் சொந்தமான காலி இடம் ஒன்று கிடந்தது. வீடில்லாதவர்களுக்கு அங்கே அடுக்குமாடி கட்டப்போவதாகப் போர்டு வைத்தார்கள். நானும் என் கணவரும் மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். எதிரே கண்டவர்களும் குடியேறினால் எங்கள் வீட்டு மதிப்பு என்னாவது? வேறு கவலை எதுவும் இல்லை, பொய் சொல்வானேன்.

அசோசியேஷன் கூட்டத்தில் ஆளாளுக்கு மனு, கோர்ட்டு என்று அளந்துகொண்டிருந்தார்கள். நான்தான் சொன்னேன்: "மனுவை எவன் படிப்பான்? ஒரு பிள்ளையாரைக் கொண்டுபோய் உட்கார வைங்க. எவன் கை வைக்கிறான்னு பார்ப்போம்."

அடுத்த வெள்ளிக்கிழமையே வேப்பமரத்தடியில் பிள்ளையார் வந்துவிட்டார். பின்னாலேயே தகரக் கூரையும் மைக் செட்டும் வந்தன.

எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு அந்த அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். பூர்வீகம் ஆற்காடு, பிறந்தது இங்கேதான்; பேச்சில் இந்த ஊர் உருது கலந்து வரும். அல்வாலுக்கு அப்பால் ஒற்றை அறையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

"ஸ்டேஷன்கிட்ட வீடு வந்துட்டா நடந்தே வந்துருவேன்க்கா. பொண்ணும் ரயில்ல காலேஜ் போயிரும்" என்பாள்.

கட்டட வேலை தொடங்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையாரையே ஒரு மண்டலம் சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். தினமும் விடியற்காலையில் இடத்தைப் பெருக்கி, கோலம் போட்டு, நொண்டிக்கொண்டே சுற்றுவாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "சம்பளமில்லாம கோயிலுக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றேன். என் கணவரும் சிரித்தார்.

நிலத்தை அளக்க வந்தவர்கள் பிள்ளையாரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். கொஞ்ச நாளில் திட்டம் ஊருக்கு வெளியே, பஸ்ஸே போகாத பொட்டலுக்கு மாறிவிட்டது.

செய்தி தெரிந்த அன்று அவள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"கைக்குக்கா, ஏன்க்கா இப்படி ஆச்சு? நடுவுல ஒரு நாள் சுத்தலை. உங்க வீட்டு விசேஷத்துக்கு விடியுமுன்ன வரச்சொன்னீங்களே, அன்னிக்கு விட்டுப்போச்சு. அதான் சாமி குடுக்கலையோ?"

நாங்கள்தான் கெடுத்தோம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இருக்கும்" என்றேன். "சாமி காரியத்துல குறை வைக்கலாமா?"

"ஹவ்க்கா, ஆமாக்கா, தப்பு என்னுதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள். மறுநாளே முதல் சுற்றிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.