அம்மா பேரைக் கேட்ட கம்ப்யூட்டர்

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, என் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வருடம் எத்தனையோ ஓடிவிட்டது, அந்தப் பார்வை மட்டும் மறக்கவில்லை. அன்றைக்கு ஐந்து மணிக்குள் விஷயம் சரியாகாமல் போயிருந்தால் நான் கடையை மூடிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கப் போயிருப்பேன். இப்போது ஊருக்கு நாலு ஆன்லைன் சென்டர் இருக்கிறது. அதை நடத்தும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பில் பாதி என்னுடையது, அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கடையும் கருத்துகளும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்தது இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில். மூன்று சிஸ்டம், ஒரே ஒரு டெலிபோன் லைன். டயல்-அப் காலம், போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட் வரும். மோடம் நம்பர் போட்டுக் கீச்சு கீச்சென்று கத்தி முடித்து லைன் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. "ஆன்ட்டி வைரஸ் போட்டா சிஸ்டம் நவுராதும்மா, தூக்கிப் போடு" என்பார் ஒருவர். "சி.டி.ய ரெண்டு தபா போட்டா வைரஸ் ஒட்டிக்கும்" என்பார் இன்னொருவர். வைரஸ் வந்த சிஸ்டத்தைத் தொட்டுவிட்டு வெளியே போய்க் கை கழுவி வந்தவரையும் பார்த்திருக்கிறேன், சத்தியமாக. இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் தெரிந்தவள்போல் நான் அளந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததும் ஆறு மாதக் கோர்ஸ் அளவுதான்.

மெயில் ஐடி வேண்டும் என்று வருபவர்களுக்கு நானே எல்லாம் நிரப்பித் திறந்து கொடுப்பேன். பேர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு. கடைசியில் ஒரு ரகசியக் கேள்வி வரும். பாஸ்வேர்டு மறந்துபோனால் மெயில் கம்பெனி அந்தக் கேள்வியைக் கேட்கும், சரியான பதிலைச் சொன்னால் புது பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். கேள்விகள் ஒரு பட்டியலாக இருக்கும். நான் எல்லோருக்கும் முதல் கேள்வியையே வைத்தேன். உன் அம்மா பேர் என்ன? பெற்றவள் பேரை யார் மறப்பார்கள்?

"அம்மா பேரு இன்னா கண்ணு?" என்று இந்த மூலையிலிருந்து கத்துவேன். அவர்களும் அந்த மூலையிலிருந்து கத்திச் சொல்வார்கள். கடையே கேட்கும். இதில் ஒரு தப்பும் எனக்குத் தோன்றவில்லை. பட்டணத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா பேர் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பேர் இருக்கும், காதுகுத்துப் பத்திரிகையில் இருக்கும், செத்தால் சுவரில் ஒட்டும் நோட்டீஸிலும் இருக்கும். ஊருக்கே தெரிந்த ஒன்றை ரகசியம் என்று நூறு பேருக்கு மேல் வைத்துக் கொடுத்த புத்திசாலி நான்.

புதன்கிழமை வந்தவன்

அந்த வாரம் புதன்கிழமை ஒரு பையன் வந்தான். முன்பின் பார்த்ததில்லை. வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை என்றான். மரியாதையாகப் பேசினான்.

"அக்கா, மெயில் பாஸ்வேர்டு மறந்து பூட்ச்சு. இன்னா பண்றது?"

"இதுக்கு ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? வா, காட்றேன்."

எங்கே க்ளிக் செய்ய வேண்டும், கேள்வி எப்படி வரும், பதில் போட்ட பிறகு பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது, எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். "கேள்வியையும் மாத்திக்கலாமாக்கா?" என்று கேட்டான். "ஓ, பேஷா!" என்று அதையும் காட்டினேன். மூன்றாம் சிஸ்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று போனான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமான பையனா என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது!

நாலு மணி

மறுநாள் மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். கோமதி ஓடி வந்தாள். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். காஞ்சிபுரத்தில் காலேஜ் முடித்தவள், மாதக்கணக்காக என் கடையில்தான் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வேலை கிடைத்ததாக மெயில் வந்திருந்தது. சேர விருப்பமா என்று வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் அதே மெயிலிலிருந்து பதில் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவைக் கேட்காமல் பதில் போட மாட்டேன் என்று அன்றைக்குப் போனவள், மூன்று நாள் கழித்து இப்போதுதான் வருகிறாள்.

"அக்கா, நைனா ஒத்துக்கினாரு! ஆஸ்டல்ல தங்கிக்கினு போலாம்னுட்டாரு. சீக்கிரம் தொற!"

திறக்கவில்லை. பாஸ்வேர்டு தப்பு என்றது. மெதுவாக அடித்துப் பார்த்தாள். தப்பு. நான் அடித்தேன். தப்பு.

"பதறாத. மறந்துட்டேன்னு குடுத்தா அம்மா பேரத்தான கேக்கும்? அஞ்சலைன்னு போட்டா முடிஞ்சுது" என்று தைரியமாகச் சொல்லிப் பிறந்த தேதியைப் போட்டேன். கேள்வி வந்தது. உங்கள் செல்லப் பிராணியின் பேர் என்ன?

நான் வைத்த கேள்வி அது இல்லை. யாரோ உள்ளே புகுந்து பாஸ்வேர்டையும் மாற்றி, கேள்வியையும் மாற்றியிருக்கிறார்கள். கோமதிக்கும் அது புரிந்துவிட்டது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். முதலில் சொன்னேனே, அந்தப் பார்வை.

"இத்த தொறந்து குடுத்தது நீதானக்கா. பாஸ்வேர்டு ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும்?"

"ஐயோ, நான் ஏண்டி ஒன் வேலைல கை வைக்கப் போறேன்!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்பெனியின் மெயில் விலாசமும் நினைவில்லை, பிரின்ட்டும் எடுக்கவில்லை, எல்லாம் உள்ளேயே பூட்டிக்கொண்டிருந்தது.

மூன்று முறை தப்பாகப் பதில் போட்டால் மறுநாள்வரை திறக்காது. மறுநாள் திறந்து என்ன பிரயோஜனம்? அவர்கள் வீட்டில் இருந்தது ஒரு எருமை மட்டும்தான், பேர் லட்சுமி. அதைப் போட்டேன். தப்பு. நாய்க்கு வைக்கும் பேராயிற்றே என்று டைகர் போட்டேன். அதுவும் தப்பு. கடைசி வாய்ப்பு.

இரண்டாம் சிஸ்டத்தில் சலீம் பாய் உட்கார்ந்திருந்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், மஸ்கட்டில் இருக்கும் மகனோடு வாராவாரம் சாட் செய்ய வருவார். எங்கள் புலம்பலைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இரும்மா, அவசரப்படாத. அவுங்க வூட்ல நாயும் கெடையாது, பூனையும் கெடையாது. அப்போ அது யார் வூட்டு நாயி? மாத்தினவன் அவன் வூட்டுப் பேரத்தான போட்டிருப்பான்? நாளைக்கி அவனுக்கே நெனப்பு வரணும்ல?"

கோமதி நிமிர்ந்தாள்.

"மாகறல்ல எங்க மாமா பையன் தாமு கீறான். அவனுக்கு நாய்ன்னா உசுரு. செவ்வாக்கெழம வூட்டுக்கு வந்தான். நைனாகிட்ட, பொண்ண மெட்ராஸ்க்கு அனுப்பாதீங்கன்னு சண்ட போட்டுட்டுப் போனான்."

"இன்னா வேல பண்றான்?"

"வாலாஜாபாத் ரைஸ் மில்லுல."

எனக்குத் தலையில் நங்கென்று குட்டு விழுந்தது. அந்த அடக்கமான பையன்! கோமதியின் அம்மா அஞ்சலை அவனுக்குச் சொந்த அத்தை. அத்தை பேர் தெரியாமல் போகுமா? இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்க்க வாங்கிய இவள் ஜாதகம் தாமு வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, பிறந்த தேதிக்கும் பஞ்சமில்லை. மெயில் ஐடியை, எனக்கு லெட்டர் போடு என்று இவளே அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கத்தான் நான் இருந்தேனே.

"நாய் பேரு இன்னா? சீக்கிரம் சொல்லு!"

"மேனேஜரு."

"மேனேஜரா?"

"மில்லுல மேனேஜரு இவன ஓயாம திட்றாராம். அதனால நாய்க்கு அந்தப் பேர வச்சிக்கினு, தெனம் காலைல 'மேனேஜரு, வாடா இங்க'ன்னு கூப்புட்றான். மாகறலுக்கே தெரியும்."

பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மேனேஜர் என்று அடித்தேன். என்டர் தட்டப் போன நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது. அடப்பாவி மோடமே! மறுபடி நம்பர் போட்டால் எங்கேஜ்டு. மறுபடி போட்டேன், எங்கேஜ்டு. நாலு முப்பத்தைந்து ஆகிவிட்டது. நான் வேண்டாத சாமி இல்லை. மூன்றாம் தரம் கீச்சென்று கத்தி லைன் பிடித்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு என்டரைத் தட்டினேன்.

புது பாஸ்வேர்டு என்ன வேண்டும் என்று கேட்டது.

கம்பெனி மெயிலை அழித்திருந்தான். ஆனால் அழித்தது குப்பைப் பெட்டிக்குத்தான் போகும், அங்கேயும் போய் அழிக்க வேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நல்லவேளை, புதன்கிழமை அதற்குள் வேறு கஸ்டமர் வந்துவிட்டார். மெயில் அங்கே பத்திரமாகக் கிடந்தது. பதிலை நான் அழகாக எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாங்க்கா, நானே அடிக்கிறேன்" என்று மூன்று வரி அடித்தாள். அனுப்பும்போது நாலு ஐம்பது.

யாரும் எழுந்து போகவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தடிக்கும் நேரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்தது: கிடைத்தது, ஒன்றாம் தேதி வந்து சேரவும். கோமதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "தப்பா நெனச்சிட்டேங்க்கா, தப்பா நெனச்சிட்டேங்க்கா" என்று அதையே சொன்னாள். என் மார்பிலிருந்து அம்மிக்கல்லை எடுத்து வைத்ததுபோல் இருந்தது. நானும் அழுதேன். சலீம் பாய் மூன்று டீ சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து நான் பழக்க தோஷத்தில், "சரி, கேள்விய மாத்திடலாம். அம்மா பேரு..." என்று ஆரம்பித்தேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். "நீயே எதையாவது வச்சிக்கோம்மா. எனக்குத் தெரிய வேணாம்."

தாமு சனிக்கிழமை வந்தான். வாசலிலேயே நின்றான்.

"எப்டிக்கா தொறந்தீங்க?"

"ஒன் மேனேஜரக் கேட்டோம். சொல்லிட்டாரு."

தலையைக் குனிந்துகொண்டான். "அவ மெட்ராஸ் போய்ட்டா நம்மள திரும்பிப் பாக்க மாட்டான்னு பயம்க்கா."

எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போதே போய்விட்டது. "அந்தப் பயத்த அவகிட்ட சொல்லியிருக்கணும்டா. அவ இல்லாதப்போ அவ மெயில் பொட்டியத் தொறந்துட்டு வந்து எங்கிட்ட இன்னா சொல்ற?" என்றேன். அடுத்த வாரம் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டதாகக் கோமதியே சொன்னாள்.

பாய் பொய் சொல்ல மாட்டார்

அதன் பிறகு நான் ஐடி திறந்து கொடுத்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் கேள்வியை மாற்றச் சொன்னேன். அம்மா பேருக்குப் பதிலாக வாய்க்கு வந்த பேரைப் போடுங்கள் என்று யோசனையும் சொன்னேன். ரகளை ஆகிவிட்டது. "பெத்தவ பேர மாத்திச் சொல்றதா? நல்லா கீதே ஒன் நாயம்!" என்று ஒரு பெரியவர் எழுந்தே போய்விட்டார்.

சலீம் பாயும் ஒத்துக்கொள்ளவில்லை. "மெஷினா இருந்தா இன்னாம்மா, பொய் பொய்தான். எனக்கு வேணாம்."

"அப்போ ஒங்க ஐடிய எவனாவது தொறந்துட்டா பேஜாராய்டும், பாய்."

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கேள்விய நாமளே எழுதலாமா?"

எழுதலாம் என்றேன். அந்தப் பட்டியலுக்குக் கடைசியில் அதற்கும் ஒரு வழி இருந்தது, நான்தான் ஒருநாளும் அதுவரை போனதில்லை. "அப்போ நெசத்தையே போடுறேன். இந்த ஊருக்குத் தெரியாத நெசம். நீ அந்தாண்ட திரும்பு" என்றார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நான் திரும்பிப் பார்த்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்காரருக்கு ஏன் அப்படி ஒரு வெட்கம் என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பாய் காட்டிய வழியைத்தான் எல்லோருக்கும் சொன்னேன், பெரியவரும் திரும்பி வந்தார். கஸ்டமர் பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்து நிற்பது கடை வழக்கமாகிவிட்டது. அந்தச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் ராகு காலம், எமகண்டம் எல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போது ஓ.டி.பி. வந்தால் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி நம்பரைக் கத்துகிறார்கள். "எனக்குச் சொல்லாத கண்ணு, நீயே அடி" என்று இன்றைக்கும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவருடைய பூட்டைத் திறந்து கொடுப்பது நம் வேலை. சாவி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது நம் வேலை இல்லை. நான் படித்த பாடம் இவ்வளவுதான்.

போன பொங்கலுக்குக் கோமதி வந்திருந்தாள். இப்போது அவள் பெரிய வேலையில் இருக்கிறாள். ஏதோ ஒரு பிரின்ட் வேண்டும் என்று பழைய ஐடியைத் திறக்க உட்கார்ந்தாள். நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"இன்னாக்கா, எங்கிட்டயுமா? நீ பாக்கலாம்க்கா."

"வேணாம்டி," என்றேன் காலண்டரைப் பார்த்தபடி. "தெரியாம இருக்கிறதுலதான் எனக்கு நிம்மதி."