ஆறரை அடி உயரத்தில் ஒரு சுவிட்ச்

கடைக்காரர் மேசைமேல் மூன்று சுவிட்சுகளை எடுத்து வைத்தார். நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். எந்தக் கம்பியோடும் சேராத, அட்டைப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சுவிட்சுகள். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தொடவில்லை. என்னோடு வந்திருந்த வயர்மேன் ஒன்றை எடுத்துக் குமிழைத் தட்டிக் காட்டினார். ‘டக்’கென்ற அந்தச் சத்தத்துக்கே என் தோள் ஒருமுறை குலுங்கியது. அவர் கவனித்திருப்பார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கோடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் குமாஸ்தா. ஊருக்கு வெளியே ஒரு சரிவில், கல் சுவரும் தகரக் கூரையுமாகச் சிறிய வீடு ஒன்று கட்டி, நானும் என் மனைவியும் மூன்று வயது மகளும் குடியேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கம் கரண்ட் கம்பம் நட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கரண்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் மட்டும் நாலு மாதம் தள்ளிப் போட்டேன். மனைவி வற்புறுத்தவில்லை. ஒரே ஒரு தடவை, மூடுபனி இறங்கிவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கே அடுப்படி இருண்டு போகிறது என்று சொன்னாள். அவள் வில்பட்டியில் பூண்டு விவசாயம் செய்கிற குடும்பத்துப் பெண். குளிருக்கும் மழைக்கும் அசையாதவள். அவள் ஒன்றைக் கேட்கிறாள் என்றால் அது மிகவும் வேண்டியதாக இருக்கும் என்று எண்ணி, கடைசியில் சம்மதித்தேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் பிறந்தது பழனியில். அடிவாரத்தில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. நான் பள்ளியிறுதி படித்துக்கொண்டிருந்த வருஷம், பங்குனி உத்திரத்துக்காகக் கடை முகப்பில் வண்ண பல்புத் தோரணம் கட்டினோம். வருஷா வருஷம் அதைக் கட்டுகிறவர் முப்பது வயதுக்காரர். எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். மதியம் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. அவர் ஏணியில் நின்று, விரிசல் விட்ட ஒரு கறுப்பு பல்பு ஹோல்டரில் கை வைத்தார். கத்தவில்லை. பல் முழுவதும் தெரிய என்னைப் பார்த்தார். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். இரண்டு மூன்று விநாடி சிரித்திருப்பேன். பிறகுதான் அவர் கை நடுங்குவதைக் கண்டேன். மெயின் சுவிட்ச் பின்னறையில் இருந்தது. பின்னறை பூட்டியிருந்தது. சாவி அப்பாவின் இடுப்பில், அப்பா தெருக்கோடி காப்பிக் கடையில். நான் ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் யாரோ மூங்கில் கழியால் ஏணியைத் தட்டிவிட்டு அவரைக் கீழே கிடத்தியிருந்தார்கள். உயிர் இல்லை.

அந்தச் சாவைவிட, நான் சிரித்ததுதான் எனக்குள் கிடந்தது.

ஆகவே கோடைக்கானல் கடையில் அந்த மூன்றில் ஒன்று, அந்த ஹோல்டரைப் போலவே கறுப்பு பேக்லைட்டில் செய்தது என்று கண்டதுமே வேண்டாம் என்றேன். வயர்மேன் பேத்துப்பாறைக்காரர், நிதானமான மனிதர். மழை ஊர், சுவர் வேர்க்கும், பித்தளை மூடி போட்டதைவிடக் கறுப்புதான் நல்லது என்று இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. கறுப்பு என்றால் விரிசல் விடும், விரிசல் விட்டால் சாவு என்றுதான் என் மனம் கணக்குப் போட்டது. பித்தளை மூடி கனமாக, உறுதியாக இருந்தது. பெரிய பங்களாக்களில் அதைத்தான் போட்டிருந்தார்கள். கீழே போட்டாலும் உடையாது. அதையே எடுத்தேன்.

அடுத்தது உயரம். நாலரை அடியில் வைப்பது வழக்கம் என்றார் வயர்மேன். ஆறரை அடி என்றேன் நான். குழந்தை இருக்கிறது என்று காரணம் சொன்னேன். மூன்று வயதுக் குழந்தைக்கு நாலரை அடியே எட்டாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிளக் வைக்கவே கூடாது என்றும் சொன்னேன். பின்னாளில் ரேடியோ வாங்கினால் சுவரை உடைக்க வேண்டியிருக்குமே என்றார். அதனால் முன்னறையில் ஒன்றே ஒன்றை அதே உயரத்தில் வைக்கச் சொல்லி, அதன் மூன்று துளைகளுக்கும் மரத்தில் ஆப்பு சீவி நானே அடைத்தேன். மெயின் சுவிட்சை மட்டும் வாசல் கதவை ஒட்டி, யாரும் ஓடிவந்து இழுக்கும்படி வைக்கச் சொன்னேன்.

இவ்வளவையும் நான் மனைவியைக் கேட்காமலே முடிவு செய்தேன். அவள் உயரம் ஐந்தடிகூட இராது.

விளக்கு வந்தபின் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சுவிட்சை நான் மட்டும்தான் போட வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலையிலிருந்து வந்ததும் காலைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எட்டினாலும் தரையில் கால் படாதிருக்க மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று, கையில் உலர்ந்த துண்டைச் சுற்றிக்கொண்டு குமிழைத் தட்டுவேன். குழந்தை கைதட்டும். எனக்கோ, விளக்கு எரிந்ததும் இன்றைக்குத் தப்பித்தோம் என்று இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, குழந்தை பெட்டிமேல் ஏறுவதுபோல நினைப்பு வந்து பேனா நின்றுவிடும். அதற்காகவே அந்த மரப்பெட்டியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காலையில் கிளம்புவேன்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தது. ஒருநாள் காற்றில் பாதையெங்கும் மரங்கள் சாய்ந்து, மதியம் இரண்டு மணிக்கே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முழுக்க நனைந்து சரிவில் ஏறி வந்தேன். பனியில் வீடு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அடுப்படி ஜன்னல் மட்டும் மஞ்சளாக இருந்தது.

விளக்கு எரிகிறது. யார் போட்டது?

ஜன்னலுக்கு ஓடினேன். உள்ளே என் மனைவி, உட்காரும் பலகை ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இரும்பு ஊதாங்குழல். அடுப்பு ஊதுகிற அந்தக் குழலை உயர்த்தி, அதன் முனையால் சுவிட்சின் குமிழை மேலே தள்ளி அணைக்கப் பார்த்தாள். முந்தானை நனைந்திருந்தது. குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சுவரில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது ஜன்னலுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள், குழல் சரியும் என்று தோன்றியது. வாசலுக்கு ஓடி மெயினை இழுக்கலாம், ஆனால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்குள் என்ன ஆகும்? ஒன்றும் செய்யாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பழனியில் அன்றைக்கு மாதிரியே நிற்கிறேன் என்று மட்டும் தெரிந்தது.

குழலின் முனை குமிழிலிருந்து வழுக்கிப் பித்தளை மூடியில் பட்டது. அவள் கை வெட்டி இழுத்தது. குழல் தரையில் விழுந்து உருண்டது. சத்தத்தில் குழந்தை பயந்து உட்கார்ந்து அழுதது. மனைவி பலகையைவிட்டு இறங்கி, முழங்கையை நாலு தடவை தேய்த்துவிட்டு, குழலை எடுக்கக் குனிந்தாள். தினமும் செய்கிற சோலியைப்போல இருந்தது அது. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

நான் வாசல் வழியாகப் போய் மெயினை இழுத்துவிட்டு உள்ளே வந்தேன். ஈரத்தோடு தரையிலேயே உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

“ஒண்ணுமில்லைங்க. மழைன்னா இப்பிடித்தான் லேசா இழுக்கும்.”

“எத்தனை நாளா?”

விளக்கு வந்த மூன்றாவது வாரத்திலிருந்து மதியமே போட்டுக்கொண்டு, அடுப்படி வேலை முடிந்ததும், நான் வருவதற்கு முன்னால் அணைத்துவிடுகிறாளாம். மழை தொடங்கியபின் நாலைந்து முறை இழுத்திருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா வெளக்கையே புடுங்கிப் போட்டுருவீங்க. கரண்டை விட எனக்கு இருட்டுதாங்க பயம்.” உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் இருந்த தழும்பு கஞ்சி கொட்டியதால் வந்தது என்றுதான் நான் அறிந்திருந்தேன். “இது கஞ்சி இல்லை. போன வருஷம் சிம்னி வெளக்கு பாயில சாஞ்சு பத்திக்கிச்சு. புள்ள அதுல படுத்திருந்தா. கையாலயே அமுக்கினேன். உங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? சும்மாவே நடுங்கிட்டுக் கெடக்கீங்க.”



மழையில் வயர்மேன் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் மெயினைப் போடவில்லை. அரிக்கேன் விளக்கு குழந்தைக்கு எட்டாதபடி ஆணியில் தொங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம், அடுப்படியில் உட்கார்ந்து, பழனிக் கடையில் நடந்ததை அவளிடம் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. “உங்களுக்கு எப்பிடித் தெரியும், சொல்லுங்க. பதினாறு வயசு” என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்து வந்தது.

வயர்மேன் பித்தளை மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே நீர் கோத்திருந்தது. கம்பியின்மேல் இருந்த ரப்பர் ஒரு இடத்தில் பிய்ந்து, கம்பி மூடியில் உரசிக்கொண்டிருந்தது. அவள் நின்றது பலகையின் மேலே, அதுதான் காப்பாற்றியிருக்கிறது என்றார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நானாகவே, மூடியும் உயரமும் என் தப்பு என்றேன்.

மறுபடி கடைக்குப் போனபோது மனைவியும் வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொரு சுவிட்சையும் கையில் எடுத்துப் பார்த்தாள், தட்டினாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். நான் ஓரமாக நின்றேன். கடைக்காரரிடம் அவள் கேட்டவை எனக்குத் தோன்றவே தோன்றாதவை. ஈரம் உள்ளே போகாமல் மூடி இறுக்கமாக நிற்குமா? மாவுக் கையோடு இருக்கும்போது முழங்கையால் தட்டினால் எரியுமா? கறுப்பு விரிசல் விட்டால் எப்படித் தெரியும்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விரிசல் கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். அவள் கறுப்பையே எடுத்தாள்.

“தண்ணி வேர்க்கிற கல் சுவர்ல வேண்டாம். நடுவுல இருக்க பலகைத் தடுப்புல வைங்க. என் தோள் மட்டத்துக்கு” என்று வயர்மேனிடம் சொன்னாள்.

பிளக்கை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டாள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், தனி சுவிட்சோடு வைத்தோம். தோட்டத்தில் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழாயைப் புதைத்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பழைய சட்டத்தையும் அவள் எடுத்துவிட்டாள். யாருக்கு வேண்டுமோ அவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சுவிட்சில் துளி இழுப்போ சூடோ தெரிந்தாலும் ஒருவருக்கொருவர் மறைக்கக்கூடாது.

பயம் எனக்குப் போய்விடவில்லை. அடுப்படியிலிருந்து அந்த ‘டக்’ கேட்கும்போதெல்லாம் அடுத்த சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பாத்திரம் நகரும் ஒலியோ அவள் குழந்தையை அதட்டும் ஒலியோ வந்தபின்தான் மூச்சு விடுவேன். அடுத்த வருஷ மழையில் ஒருநாள் காலை, காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “முன்னறை சுவிட்சு இன்னைக்கு லேசா சுடுதுங்க. கொஞ்சம் வெரசாப் பாருங்க” என்றாள். காப்பியைத் தொடாமல் மெயினை இழுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வயர்மேன் வீட்டுக்குக் கிளம்பினேன்.