பத்து மணிக்கு அவர் வேறு ஆள்

மென்பொருள் எழுதுகிறவர்கள் நாள் முழுவதும் குடியிருக்கும் இடம் எடிட்டர். நிரலை அதில்தான் எழுதுவோம், அதில்தான் திருத்துவோம். என்னுடைய எடிட்டர் பழைய வகை. கறுப்புத் திரை, பொத்தான் ஒன்றும் கிடையாது, மௌஸைத் தொடவே தேவையில்லை. விசைகளாலேயே எல்லாவற்றையும் செய்யவேண்டும். பழகும்வரை உயிரை எடுக்கும், பழகிவிட்டால் வேறொன்றும் பிடிக்காது. மற்றவர்கள் பாவிக்கும் புதுவகை எடிட்டர்களில் நாலு பக்கமும் பெட்டிகளும் வண்ணங்களும் இருக்கும். பார்த்தால் எனக்குக் கல்யாண மேடை ஞாபகம்தான் வரும். இந்தக் கருத்தை மனதோடு வைத்துக்கொள்கிற ஆள் நான் என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

போன ஆவணியில் எங்கள் அணியில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். சென்னைக்காரர், என்னைவிட மூத்தவர். அங்கே ஒரு குழுவையே நடத்தியவர், இந்த நாட்டுக்கு வந்து கீழ்ப்படியிலிருந்து தொடங்கியிருந்தார். எங்கள் கம்பனி பல் வைத்தியர்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்வது. அதன் சந்துபொந்துகளை அவருக்குப் பழக்கிவிடும் வேலை எனக்கு வந்தது. தினமும் காலை பத்து மணிக்கு அவர் கெல்லிவில்லில் உள்ள தன் வீட்டிலிருந்து திரையைப் பகிர்வார். நான் அதே நகரின் இன்னொரு புறநகரான டூங்கபியில், என் வீட்டில் இருந்து பார்ப்பேன். அவர் எழுத, நான் பேச வேண்டும். அவருக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது மேலாளர் என்னிடம்தான் கேட்பார், ஆளை வைத்திருக்கலாமா என்று. அவருடைய விசா இந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

முதல் வாரம் அவர் அந்தக் கல்யாண மேடை எடிட்டரில்தான் எழுதினார். இரண்டாம் வாரம் திரை திறந்தபோது கறுப்பாக இருந்தது. என்னுடைய அதே எடிட்டர். இது எப்போதிருந்து என்று கேட்டேன். இதுவும் பழக்கம்தான் மேடம் என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இந்தக் காலத்தில் இதைப் பாவிக்கிற மனிதர் ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று கணவரிடம்கூடச் சொன்னேன். மேடம் என்று கூப்பிட வேண்டாம், இங்கே எல்லாரும் பெயர்தான் சொல்வோம் என்று அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். ஒருநாள் மட்டும் நான் சொன்னதைக் கேட்டார், அன்று என்னை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தார்.

சந்தோசம் கொஞ்ச நாளிலேயே வடிந்துவிட்டது. மனிதர் அவ்வளவு மெது. ஒரு வரியை அழிக்கப் போய் ஒரு பந்தியை அழிப்பார். அதைத் திரும்ப எடுக்கப் போய் வேறெங்கோ நிற்பார். உதவலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கே எந்த விசை என்று சொல்லத் தெரியாது. என் விரல்களுக்குத்தான் தெரியும். மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு, விரல் எங்கே போனது என்று குனிந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் அவருக்குச் சொல்வேன். அதற்குள் அவர் அதையும் அழித்திருப்பார். எனக்குப் பொறுமை குறைவு. பெருமூச்சு விட்டுத் தொலைப்பேன், அது மைக்கில் கேட்கும். மேலாளர் இடையில் விசாரிக்கும்போதும் மெது என்றே சொல்லிவைப்பேன்.

குழப்பம் பின்னேரங்களில்தான் தொடங்கும். காலையில் ஒரு மணித்தியாலம் தடவிக்கொண்டிருந்த அதே மனிதர் மூன்று மணிக்கு வேலையை முடித்து அனுப்பியிருப்பார். எழுதியது துப்பரவாக இருக்கும். நான் யோசிக்காத இடங்களுக்கும் சேர்த்துச் சோதனை நிரல் எழுதியிருப்பார். இது எப்படி என்று எனக்கு விளங்கவேயில்லை. செயற்கை அறிவுக் கருவி எழுதிக் கொடுக்கிறதோ என்று பார்த்தேன். அதை எங்கள் கம்பனியில் தாராளமாகவே பாவிக்கலாம், ஆனால் அதன் கையெழுத்து எனக்குத் தெரியும், இது அது இல்லை. மறுநாள் கேள்வி கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்வார். எழுதச் சொன்னால் மட்டும் கை ஓடாது.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கும் இதே துறை. "ஊரிலை ஆரையும் வைச்சுச் செய்விக்கிறாரோ தெரியாது. நல்லாப் பார்த்துக்கொள்ளும்" என்றார். வேலை ஒருவருக்கு, எழுதுவது அவருடைய ஊரில் இருக்கும் இன்னொருவர். அப்படிக் கதைகள் எங்கள் தொழிலில் அடிபடுவதுதான். அந்த எண்ணம் உள்ளே வந்தபிறகு வெளியே போகவில்லை. உண்மையென்றால் நான் மேலாளரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அன்றே வேலை போய்விடும். பொய்யென்றால் ஒரு குடும்பத்தைக் காரணமில்லாமல் விமானம் ஏற்றிவிட்டவளாவேன். தை மாதம் பிறந்துவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று மேலாளர் கேட்டிருந்தார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை என்னையும் கணவரையும் சென்னைக்காரர் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். மனதில் இப்படி ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போய்ச் சாப்பிடுவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. போகாமல் இருந்தால் அது அதைவிட மோசம் என்று கணவர் சொல்ல, போனோம். வெளியே அனல் காற்று, இந்த நாட்டில் தை மாதம் கோடை. வாழையிலையில் சோறு விழுகிற நேரம் பார்த்து என் கைத்தொலைபேசி அலறியது. அந்த வாரம் அவசர அழைப்புக்குப் பொறுப்பு நான். எங்கள் மென்பொருள் நோயாளர்களுக்கு ஒரே நினைவூட்டல் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. என் மடிக்கணினியோ டூங்கபியில்.

அவர் தன்னுடையதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தால் பெட்டிகளும் வண்ணங்களும். எனக்கு யோசிக்க நேரமில்லை, பழக்கத்தில் என் விசைகளை அடித்தேன். அந்த எடிட்டரில் அவை வெறும் எழுத்துகள். நிரலுக்கு நடுவில் வரிசையாக ஜே ஜே ஜே என்று விழுந்தன. அழிக்கப் போய் இன்னும் கொஞ்சம் விழுந்தது.

"நான் வேணா பண்ணட்டுமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதிரையை விட்டு எழும்பி, தொலைபேசியில் மென்பொருளின் பிழைப் பதிவுகளை வாசித்தபடி அறைக்குள் நடந்தேன். செய்தி வரிசையைப் பாருங்கள், திரும்ப அனுப்புகிற இடத்தைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் வசனத்தை முடிக்குமுன் அவர் அந்த இடத்தில் நின்றார். திரும்பிப் பார்த்தேன். ஒரு கை மௌஸில், ஒரு கை விசைப்பலகையில். பக்கங்கள் திறந்தன, மூடின, பிழை நின்ற வரி நடுவில் வந்து நின்றது. திருத்தி, சோதித்து, அனுப்பிவிட்டு, சோறு ஆறிடும் மேடம் என்றார். பின்னேரம் வேலை அனுப்புகிற அந்த மனிதர் இவர்தான். பிறகு, பத்து மணிக்கு என் திரையில் வருகிறவர் யார்?

பாயசம் வந்தபோது கேட்டேவிட்டேன். காலையில் ஏன் இந்த எடிட்டரில் எழுதுவதில்லை என்று.

"மொத நாளே சொன்னீங்களே மேடம், இந்த டீம்ல மௌஸ் தொடுறவங்களுக்கு இடமில்லன்னு. அதான் ராத்திரி வீடியோ பாத்து உங்களோடத கத்துக்கிட்டு இருக்கேன். காலைல உங்க முன்னாடி மட்டும் அதுல பண்ணுவேன்."

"நான் அது பகிடிக்கெல்லே சொன்னனான்."

"நீங்க சிரிக்கவே இல்லையே மேடம்."

நான் சிரிப்பதில்லைதான். எங்கள் வீட்டில் பகிடி விடுகிறவர் சிரிக்கக்கூடாது, கேட்கிறவர்தான் சிரிக்க வேண்டும். அந்த வசனத்தைச் சொன்னதே எனக்கு ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன், சொல்லக்கூடிய ஆள்தான். வாயில் வந்த ஒரு வார்த்தையை ஒரு மனிதர் கம்பனிச் சட்டமாக எடுத்துக்கொண்டு இத்தனை மாதம் இரவில் படித்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவர்மேல் கோபம். காரில் வரும்போது கணவர் சாம்பார் நல்லாயிருந்தது என்றார்.

திங்கள் பத்து மணிக்கு, உங்களுடைய எடிட்டரையே திறவுங்கள் என்றேன். திறந்தார். சிக்கல் தீர்ந்தது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் ஒரு வரி எழுதினார், நின்றார். மௌஸ் ஒரு சொல்லின்மேல் போய், விலகி, திரும்ப வந்தது. என் கதிரை கிறீச்சிட்டது. எழுதியதை உடனே அழித்துவிட்டு, தப்பா மேடம் என்று கேட்டார். சனிக்கிழமை பறந்த அதே விரல்கள். அப்படியானால் கறுப்புத் திரைதான் காரணம் என்று நான் கண்டுபிடித்ததும் முழுக்கச் சரியில்லை. அவருடைய எடிட்டரில் அவரும் இருந்தார், நானும் இருந்தேன். சனிக்கிழமை நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மேலாளரிடம் சொன்னேன், அவரை விட்டுவிடாதீர்கள், நல்ல ஆள் என்று. பிறகு ஏன் இத்தனை மாதமும் மெது மெது என்று சொன்னாய் என்று அவர் கேட்டார். நான் பார்க்கும்போதுதான் மெது என்றேன், இனிமேல் வேறு யாரையாவது அவரோடு இருத்துங்கள். மேலாளர் சரி என்றார். அடுத்த நாள் சென்னைக்காரரின் வேலை உறுதியானது.

இனிப் பத்து மணி எனக்கு ஓய்வு என்று நினைத்தேன். வியாழக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்தது, இன்றைக்குப் பத்து மணி உண்டா என்று. இவர் என்னிடமிருந்து தப்பியதற்குச் சந்தோசப்படுவார் என்றல்லவா நான் எண்ணியிருந்தேன். அழைத்து, கட்டாயமில்லை, வேறு ஆள் வருவார் என்று விளக்கினேன்.

"தெரியும் மேடம். ஆனா இன்னிக்கு நீங்க எழுதுங்க, நான் பாக்கறேன். இவ்வளவு நாள் கத்துக்கிட்டேன், உங்க எடிட்டர சும்மா விட்டுட மனசில்ல."

சரி என்று என் திரையைப் பகிர்ந்தேன். அவருடைய கமெரா மூடியிருந்தது. என் எடிட்டர், என் நிரல், எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு கோப்பைத் திறக்கப் போய் வேறொன்றைத் திறந்தேன். அதை மூடும்போது பக்கத்து வரி போய்விட்டது. மறுமுனையில் சத்தமே இல்லை. குறித்துக்கொள்கிறாரா, சிரிக்கிறாரா, பொறுத்துக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. நான் எதை எழுத வந்தேன் என்பதே மறந்துபோனது. என் விசா எதிலும் தொங்கவில்லை, என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இதில் இல்லை, இந்த மனிதர் நாளைக்கு என்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அடித்த சொல்லை அழித்துவிட்டு, பிழையோ என்று அவரிடம் கேட்டேன்.